சூளை வாசல் கட்டிய வியாழக்கிழமை

என் தம்பி உள்ளே இருக்கும்போதே சூளை வாசலைச் செங்கல் வைத்துக் கட்டினவன் நான். வேறு யாரும் இல்லை. கரணையும் என் கையில்தான் இருந்தது, மண்ணைக் குழைத்ததும் நான்தான். தீ வைப்பதற்கு முன்னால் தெரிந்துபோனது அந்தப் பழமலைநாதர் போட்ட பிச்சை. ஆனாலும் இன்றைக்கு அதை நினைத்தால் வாயில் வைத்த சோறு இறங்க மாட்டேன் என்கிறது.

நான் எட்டாவது வரைக்கும் படித்தவன். விருத்தாசலத்தில் பீங்கான் சாமான் செய்கிற ஒரு சின்ன யூனிட்டில் இருபது வருஷத்துக்கு மேலாகச் சூளை பார்க்கிறேன். புதுசாக வந்த யூனிட்டுகளில் எல்லாம் கேஸ் சூளை. எங்களுடையது இன்னும் விறகுச் சூளைதான். வட்டமாக, குண்டானைக் கவிழ்த்து வைத்த மாதிரி இருக்கும். சுவர் முழங்கை நீளத்துக்கு மேல் கனம். உள்ளே போக ஒரே ஒரு வாசல், விறகு தள்ளுகிற அடுப்பு வாய்கள் வெளிப்பக்கம் அடியில். காய்ந்த பொம்மை, விளக்கு, கரண்டு ஃபியூஸுக்கான பீங்கான் கட்டை எல்லாவற்றையும் களிமண் பெட்டிகளில் வைத்து, அந்தப் பெட்டிகளை உள்ளே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவோம். பிறகு வாசலைக் கல் வைத்துக் கட்டி மேலே மண் பூசிவிடுவோம். நெருப்பின் நிறம் பார்க்க ஒரு கல் அளவுக்கு ஓட்டை மட்டும் விடுவோம். எரித்து ஆறின பிறகு கட்டினதை இடித்துச் சாமானை வெளியே எடுப்போம். ஒவ்வொரு தடவையும் கட்டுவது, ஒவ்வொரு தடவையும் இடிப்பது. இதுதான் என் பிழைப்பு.

தம்பி என்னைவிட ஒன்பது வயசு சின்னவன். பதினேழு வருஷம் மிலிட்டரியில் இருந்துவிட்டு வந்தான். கடைசி நாலு வருஷம் காஷ்மீர் பக்கம், பார்டரில். அங்கே ஒரு நாள் காலையில் அவனோடு நின்று டீ குடித்துக்கொண்டிருந்த ரெண்டு பேர் குண்டு விழுந்து அந்த இடத்திலேயே போய்விட்டார்கள். இதை அவன் எங்களிடம் சொன்னதில்லை. கூட வேலை பார்த்த ஒருத்தர் எனக்குப் போன் போட்டு, "உங்க தம்பியைக் கொஞ்சம் பாத்துக்குங்க அண்ணாச்சி" என்று சொல்லித்தான் எனக்கே தெரியும்.

அவன் வந்து இறங்கின அன்றைக்கு ஜங்ஷனில் மேளம் வைத்தார்கள். எங்கள் தெருப் பையன்கள் அவன் போட்டோ போட்டு ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தார்கள். துப்பாக்கி பிடித்து நிற்கிற போட்டோ, பின்னால் பனிமலை. ஸ்கூலில் கூப்பிட்டுக் கொடி ஏற்ற வைத்தார்கள், சால்வை போட்டார்கள். ஒரே வாரத்தில் ஏழு சால்வை சேர்ந்துவிட்டது. என் வீட்டுக்காரி அதையெல்லாம் மடித்துப் பெட்டியில் வைத்தாள். எனக்கும் பெருமைதான், இல்லை என்று சொன்னால் சாமி கண்ணைக் குத்தும்.

ஆனால் சால்வை போட்டவர்களில் பாதிப் பேர் மறுவாரம் வேறொன்றுக்கு வந்து நின்றார்கள். மிலிட்டரிக்காரர்களுக்குக் கேன்டீனில் சரக்கு விலை குறைச்சலாகக் கிடைக்கும். என் தம்பி குடிக்கிறவன் இல்லை.

"நீங்கதான் குடிக்கிறதில்லியே சார், அந்தக் கோட்டா சும்மாதானே போவுது" என்று வாசலில் நின்று கேட்பார்கள்.

முதல் மாசம் ரெண்டு பேருக்கு வாங்கிக் கொடுத்தான். மூணாவது மாசம் எல்லோருக்கும் இல்லை என்று சொல்லிவிட்டான். அதுவரைக்கும் 'மிலிட்டரி சார்' என்றவர்கள் 'மிலிட்டரி' என்றார்கள். இன்னும் கொஞ்ச நாளில், அவன் கொஞ்சம் தள்ளிப் போன பிறகு, விரலை நெற்றிப் பக்கம் வைத்துச் சுழற்றிக் காட்டினார்கள்.

அப்படிக் காட்டுவதற்கு அவனும் இடம் கொடுத்தான் என்றுதான் சொல்ல வேண்டும். ராத்திரியில் தூங்க மாட்டான். பூனை நடந்தால்கூட எழுந்து உட்கார்ந்துவிடுவான். டீக்கடையில் சுவரில் முதுகு சாய்கிற இடம் காலியாக இருந்தால்தான் உட்காருவான், இல்லாவிட்டால் நின்றுகொண்டே குடிப்பான். பெண்ணாடத்தில் ஒரு வீட்டில் பெண் பார்க்கப் போனோம். பெண்ணின் அண்ணன் பின்னால் வந்து உரிமையாகத் தோளில் கை வைத்தான். இவன் திரும்பின வேகத்தில் அந்தப் பையன் கையிலிருந்த காபித் தட்டு கீழே போய்விட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பொழுது சாய்வதற்குள் போன் வந்துவிட்டது, ஜாதகம் சரியில்லை என்று.

என் வீட்டுக்காரி நல்லவள். அவனுக்கு முதல் சோறு போட்டுவிட்டுத்தான் எனக்குப் போடுவாள். அவளே ஒரு நாள் அடுப்படியில் என்னிடம் மெதுவாகக் கேட்டாள், "பசங்களை நம்ம ரூமுலயே படுக்க வச்சிக்கலாமா?"

ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். சரி என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து கதவையும் தாழ்ப்பாள் போட்டோம்.

பேங்கில் துப்பாக்கியோடு காவல் நிற்கிற வேலை அவனுக்குத் தேடி வந்தது. "காவல் பாத்தது போதும்ணே. உன்கூட வரேன்" என்றான். முதலாளியிடம் சொல்லி யூனிட்டிலேயே சேர்த்துவிட்டேன். சூளைக்குள் பெட்டி அடுக்குகிற வேலை. அவன் அடுக்கினால் நூல் பிடித்த மாதிரி இருக்கும். மண் பிசைகிற பெரியவர் ஒருவர் உண்டு, யாரையும் கிண்டல் பண்ணாமல் விட மாட்டார். அவரே பார்த்துவிட்டு, "ஏம்பா, பெட்டிங்கல்லாம் அட்டென்ஷன்ல நிக்குது, சல்யூட் அடிக்காம இருந்தா சரி" என்றார். தம்பி சிரித்தான். அவன் வந்த பிறகு நான் பார்த்த முதல் சிரிப்பு அதுதான்.

அந்தச் சிரிப்பு ஒன்பது நாள்தான் இருந்தது.

எங்கள் யூனிட்டில் ஒரு வழக்கம் உண்டு. வாசல் கட்ட ஆரம்பிப்பதற்கு முன்னால் சூளைக்காரன் கடப்பாரையால் வாசல் பக்கத்து இரும்புச் சட்டத்தில் மூணு தடவை ஓங்கி அடிக்க வேண்டும். அடித்துவிட்டு, "உள்ள ஆள் இருக்கா" என்று மூணு தடவை கத்த வேண்டும். சூளை உள்ளே கதகதப்பாக இருக்கும், மழை நாளில் நாய் போய்ப் படுக்கும், ஆளே அசந்து உட்கார்ந்துவிடுவதும் உண்டு. எனக்கு வேலை சொல்லிக் கொடுத்தவர் இதை ஒரு தடவைகூட விட்டதில்லை. நானும் விட்டதில்லை.

தம்பி சேர்ந்த பிறகு வந்த முதல் சூளை அது. நான் அவனிடம் முன்கூட்டியே சொல்லவில்லை. சொல்லத் தோன்றவில்லை. கடப்பாரையை ஓங்கிச் சட்டத்தில் போட்டேன். ணங்கென்று கொட்டகை அதிர்ந்தது.

அவன் அந்த நேரத்தில் பொம்மைக்குப் பிசிறு தேய்க்கிற பெண்கள் பக்கம் நின்றிருந்தான். கண் மூடித் திறப்பதற்குள் பக்கத்திலிருந்த ஒரு பெண்ணைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளி, மேலே குப்புற விழுந்து, தன் கையால் அவள் தலையை மூடிக்கொண்டான். தண்ணீர் கொட்டிக் கிடந்த களிமண் சேற்றில் ரெண்டு பேரும் கிடந்தார்கள். அவள் அலறுகிறாள், இவன் எழுந்திருக்கவில்லை. "படு, படு" என்று ஹிந்தியில் சொல்கிறான் என்று பிறகு யாரோ சொன்னார்கள். நாலு பேர் சேர்ந்து தூக்கினோம். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அதற்குள் நான் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

மறுநாள் அவள் வீட்டுக்காரர் வந்தார். லோடு வண்டி ஓட்டுகிறவர். கேட்டுக்கு வெளியிலேயே நின்றார், உள்ளே வரவில்லை.

"பட்டப்பகல்ல பத்து பேர் முன்னாடி என் பொண்டாட்டி மேல விழுந்திருக்கான். மிலிட்டரின்னா என்ன வேணா பண்ணலாமா?"

நான் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். தம்பியை அன்றைக்கு வீட்டிலேயே இருக்கச் சொல்லியிருந்தேன். அந்தப் பெண்ணும் உள்ளேயிருந்து ஓடி வந்து, "அது அப்படி இல்ல, சத்தத்துக்கு பயந்து பண்ணிட்டாரு, வுடு" என்றாள். அவர் கேட்கிற நிலையில் இல்லை. போலீஸுக்குப் போவாரோ என்று ரெண்டு நாள் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் போலீஸுக்குப் போகவில்லை. மணவாளநல்லூருக்குப் போய்விட்டார்.

எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அங்கே முருகன் கொளஞ்சியப்பராக இருக்கிற கோயிலில், மனசில் இருக்கிற வழக்கைப் பேப்பரில் பிராதாக எழுதிக் கட்டுவார்கள். இன்ன ஊர், இன்னார் மேல், இன்ன குறை என்று கோர்ட்டுக் கச்சேரியில் எழுதுகிற மாதிரியே எழுத வேண்டும். மூணு நாள், மூணு வாரம், தப்பினால் மூணு மாசம், அதற்குள் முருகன் தீர்ப்புச் சொல்லிவிடுவார். கட்டினவரே வந்து வாபஸ் வாங்கினால்தான் உண்டு. நானே ஒரு தடவை திருட்டுப் போன சைக்கிளுக்குப் பிராது கட்டி, இருபதாம் நாள் கிடைத்திருக்கிறது. அதனால்தான் என் பயம் பெரிய பயமாக இருந்தது. போலீஸ் என்றால் நாலு பேரை வைத்துப் பேசலாம். இவரிடம் யாரை வைத்துப் பேசுவது?

மூணு நாள் போயிற்று. மூணு வாரம் போயிற்று. ஒன்றும் நடக்கவில்லை. மிச்சம் இருப்பது மூணு மாசக் கணக்கு. தம்பி பைக்கை எடுத்தால் நான் பிரேக்கை அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் விடுவேன். அவன் கிணற்றடிக்குப் போனால் பின்னாலேயே போவேன். தினம் காலையில் பழமலைநாதர் கோயிலுக்குப் போய், படி இறங்கி ஆழத்துப் பிள்ளையார் முன்னால் நின்று, "உன் தம்பிகிட்ட நீயாவது சொல்லுப்பா, இவன் கெட்டவன் இல்லைன்னு" என்று கேட்பேன். அண்ணன் தம்பி சங்கதி அவருக்கும் தெரியும்தானே.

பிராது கட்டியிருக்கிற விஷயத்தைத் தம்பியிடம் நான் சொல்லவில்லை. யாரும் சொல்லக் கூடாது என்று யூனிட்டில் ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டேன். தெரிந்தால் என்ன பண்ணுவானோ என்ற பயம். அவனுக்காக மட்டும் பயந்தேனா, அவனைப் பார்த்தே பயந்தேனா என்று இப்போது கேட்டால் என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

இன்னொன்றும் செய்தேன். நல்லதென்று நினைத்துத்தான் செய்தேன். இனிமேல் இரும்பில் அடிப்பது வேண்டாம், கத்துவதும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வாசல் கட்டும் முன் நானே செல்போன் லைட் அடித்து உள்ளே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். யாரும் அவன் பின்னாலிருந்து கூப்பிடாதீர்கள், சத்தமாகக் கூப்பிடாதீர்கள், தொடாதீர்கள் என்றேன். எல்லோரும் சரி என்றார்கள். சத்தமாகக் கூப்பிடாதவர்கள் கொஞ்ச நாளில் மெதுவாகவும் கூப்பிடவில்லை. டீ வந்தால் அவன் கிளாஸை மட்டும் சுவர்மேல் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அவன் வருகிறான் என்றால் பேச்சு நின்றுவிடும். பெரியவர்கூடக் கிண்டலை நிறுத்திவிட்டார். அவன் அடுக்குவான், முடித்ததும் போய் விறகுக் கட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பான். நாள் முழுக்க அவனிடம் பேசுகிறவன் நான் ஒருவன்தான். நானும் "சாப்ட்டியா, போலாமா" தவிர என்ன பேசினேன்?

அந்த வியாழக்கிழமை பிராது கட்டி ஐம்பத்திமூணாம் நாள்.

ஆர்டர் குறைச்சல். முழு லோடு இல்லை. பின்பக்கச் சுவரை ஒட்டி ஒரு வரிசைக்கு இடம் காலியாகவே விட்டிருந்தோம். முன்னால் பெட்டிகள் ஆள் உயரத்துக்கு நிற்கிறபோது அந்த இடம் வாசலிலிருந்து தெரியாது. பக்கவாட்டில் ஒருக்களித்துப் போனால் ஒரு ஆள் போகலாம். தம்பி உள்ளே கடைசி வரிசையைச் சரி பண்ணிக்கொண்டிருந்தான். ஒன்றரைக்கு ராகுகாலம் ஆரம்பம், அதற்குள் வாசல் கட்டி முடிக்க வேண்டும் என்று நான் மண் குழைக்கப் போனேன். திரும்பி வந்து லைட் அடித்துப் பார்த்தேன். பெட்டிகள் தெரிந்தன. வழக்கம்போல வெளியே வந்து விறகுப் பக்கம் போயிருப்பான் என்று நினைத்தேன். இரும்பில் அடிக்கவில்லை. கத்தவில்லை. கல் எடுத்து வைத்தேன்.

ஒன்றரைக்குக் கட்டி முடித்தேன். மூணு மணிக்கு மேல் தீ வைக்கலாம் என்று எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். முதலாளி போன் போட்டார்.

"கட்டியாச்சா? அப்ப வச்சிடுங்க, சாமான் அவசரம்."

"ராகுகாலம் போவட்டும் சார்."

"உங்க ராகுகாலத்துக்கு என் கஸ்டமர் காத்துக்கிட்டு இருப்பானா?"

"மூணு மணிக்கு வச்சிடறேன் சார். இருபது வருஷமா அப்படித்தான் வக்கிறேன்."

அவர் முனகிக்கொண்டே வைத்துவிட்டார். எத்தனையோ விஷயத்தில் அவர் சொன்னால் தட்டாதவன் நான். அன்றைக்கு ஏன் தட்டினேன் என்றால் அது என் புத்தி இல்லை.

மூணு மணி ஆனதும் கற்பூரம் ஏற்றினேன். தீ வைக்கும் முன் அந்த லோடில் கை வைத்தவர்கள் எல்லோரும் ஆழத்துப் பிள்ளையார் திருநீறு பூசிக்கொள்வது வழக்கம். ஒவ்வொருவராக வந்தார்கள். தம்பி வரவில்லை.

"எங்க மிலிட்டரியைக் காணோம்?" என்றார் பெரியவர்.

"பார்டருக்கே திரும்பிப் போயிட்டாரோ என்னமோ" என்றான் விறகு தள்ளுகிற ஒருவன். ரெண்டு மூணு பேர் சிரித்தார்கள்.

"வரும்போது பூசிக்கட்டும், நீ வையிப்பா" என்றார் பெரியவர். நானும் குனிந்து தீப்பெட்டியை எடுத்தேன். அதைச் சொல்லாமல் விட்டால் இதை எழுதுவதிலேயே அர்த்தம் இல்லை. எடுத்துவிட்டேன்.

அப்போது அந்தப் பெண் சொன்னாள், பிராது கட்டினவர் மனைவி. "அண்ணே, மண்ணு குழைக்கப் போனீங்கல்ல, அப்ப அவரு உள்ளதான் இருந்தாரு. வெளிய வந்ததை நான் பாக்கல."

விறகுக் கட்டுக்குப் பின்னால் ஓடினேன். இல்லை. கொல்லைப் பக்கம் இல்லை. போன் போட்டேன், அவன் சட்டை மாட்டியிருந்த ஆணியில் போன் அடித்தது. ஓட்டைக்குப் பக்கத்தில் வாயை வைத்து "தம்பி" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. சத்தம் கூடாது என்று நான் போட்ட கட்டுப்பாடு எனக்கே பழகிப்போயிருந்தது.

"சத்தமா கூப்பிடுங்கண்ணே" என்றாள் அவள்.

கூப்பிட்டேன். சின்ன வயசில் மணிமுத்தாற்றில் குளிக்கிறவனைக் கரையிலிருந்து கூப்பிடுகிற மாதிரி பெயர் சொல்லிக் கத்தினேன். பதில் எதுவும் காதில் விழவில்லை. கடப்பாரை தேட நேரமில்லை, அவள் வெறுங்கையால் ஈர மண்ணைப் பிடுங்க ஆரம்பித்துவிட்டாள். நான் கல்லை இழுத்தேன். பெரியவர், விறகுக்காரன், எல்லோரும் கை போட்டார்கள். நாலு வரிசை எடுத்ததும் உள்ளேயிருந்து வெள்ளைத் தூசி அப்பின முகம் ஒன்று வந்து நின்றது. வேர்வை கோடு கோடாக வழிந்துகொண்டிருந்தது.

"இருங்க, நானே எடுக்கறேன், கால்ல போட்டுக்கப் போறீங்க" என்றான்.

வெளியே வந்ததும் நான் அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். பின்னாலிருந்தா முன்னாலிருந்தா என்றெல்லாம் பார்க்கவில்லை. தண்ணீர் கொடுத்தோம். குடித்துவிட்டுச் சொன்னான்.

"சுவரு கனமா இருந்துது, கொஞ்சம் சாஞ்சேன், தூங்கிட்டேண்ணே. முழிச்சுப் பாத்தா கட்டியிருக்குது. ஓட்டை வழியா உங்க பேச்செல்லாம் கேட்டுது."

"கேட்டுதா? அப்ப ஏன்டா சத்தம் போடல?"

"சுவத்தைத் தட்டினேன். யாருக்கும் கேக்கல. நான் கத்தினா எல்லாரும் பயப்படுவீங்களேன்னுதான் கத்தல. எப்படியும் திருநீறு குடுக்கக் கூப்பிடுவீங்கன்னு இருந்தேன். நீ கூப்பிட்டப்பவும் மெதுவாதான் பதில் சொன்னேன்."

விறகுக்காரன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான். பெரியவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார்.

அந்தப் பெண் மட்டும் அவன் எதிரில் வந்து உட்கார்ந்தாள். விரல் நகத்தில் ரத்தம். "உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு இவங்க எல்லாரும் வச்சிருக்காங்க. எனக்கு மனசு கேக்கல. உங்க மேல கொளஞ்சியப்பர்கிட்ட பிராது இருக்குது. என் வூட்டுக்காரரு கட்டினது."

அவன் என்னைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"எத்தினி நாளாச்சு?"

"அம்பத்திமூணு" என்றேன்.

"பதில் சொல்ல வேண்டியவன் நான்தானேண்ணே. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல வேணாமா?"

மறுநாள் காலையில் குளித்துவிட்டு அவனே கிளம்பினான். அவள் வீட்டுக்குப் போனோம். அவர் லோடு வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் வண்டிக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார். அவ்வளவு பயம். நானும் பயந்துதான் நின்றேன், என்ன நடக்குமோ என்று.

"நான் போலீஸுக்குப் போகலீங்க. சாமிகிட்டதான் போனேன்" என்றார்.

"போலீஸுக்குப் போயிருந்தா அவங்க என்னைக் கூப்பிட்டுக் கேட்டிருப்பாங்க" என்றான் தம்பி. "இப்பவாவது கேளுங்க, சொல்றேன்."

அவர் கேட்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. தம்பி நின்ற இடத்திலிருந்து நகராமல் சொன்னான்.

"அன்னைக்கு பார்டர்ல குண்டுச் சத்தம் கேட்டதும் நான் படுத்தேன். கூட இருந்த ரெண்டு பேரும் படுக்கல, என்ன சத்தம்னு நிமிந்து பாத்தாங்க. கையை நீட்டியிருந்தா ஒருத்தனையாவது இழுத்திருக்கலாம். இங்க இரும்புச் சத்தம் கேட்டப்ப கிட்ட நின்னது இவங்க. இழுத்துட்டேன். பொம்பளையா ஆம்பளையான்னு பாக்கல. தொட்டது தப்பு. அதுக்கு நீங்க என்ன சொன்னாலும் கேட்டுக்கறேன்."

பதினேழு வருஷமும் அதற்குப் பிறகு வீட்டில் இருந்த நாட்களும் சேர்த்து அவன் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. கேட்டதில்லை என்பது சரி. நான் அவனைக் கேட்கவே இல்லை என்பதும் சரி.

அவள் புருஷனைப் பார்த்துச் சொன்னாள், "இதைத்தான நானும் அன்னைக்கே சொன்னேன். என் வாயில வந்தா பொய்யி, அவரு வாயில வந்தா நெஜமா?"

"சும்மா இரு" என்றார் அவர். துணியைப் பிழிந்தார், உதறினார், மறுபடி பிழிந்தார். "திங்கக்கிழமை லோடு இல்ல. காலையில கோயிலுக்கு வரேன்."

திங்கட்கிழமை வரைக்கும் எனக்கு அதே நினைப்பு. வருவாரா, மனசு மாறிவிடுவாரா, அதற்குள் ஏதாவது நடந்துவிடுமா. திங்கட்கிழமை ஐம்பத்தேழாம் நாள், அறுபதுக்கு மூணே நாள்தான் குறைச்சல் என்று கணக்குப் போடுவேன், அந்தக் கணக்குக்கு அர்த்தம் ஒன்றும் கிடையாது, இருந்தாலும் போடுவேன். அவர் வந்தார். புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் வந்தார்கள். வாபஸுக்கு என்று எழுதிக் கொடுத்தார், குருக்கள் சாமி முன்னால் வைத்து வாங்கினார். அவர் தம்பி கையைத் தொடவில்லை, கும்பிடு போட்டார். அவள், "யூனிட்டுக்கு வருவீங்கல்ல?" என்று கேட்டாள். "வருவேன்மா" என்றான்.

சாமி கடன் தீர்ந்தது. என் பயம் தீரவில்லை. நாலு நாளாக ஒரு கேள்வி என்னை அரித்துக்கொண்டிருந்தது. பூனை நடந்தால் எழுகிறவன், நான் கல்மேல் கல் வைக்கிற சத்தத்துக்கு எப்படி எழாமல் போனான்?

திரும்பி வரும்போது நான் ஓட்டினேன், அவன் பின்னால். கரும்பு லோடு டிராக்டர் ஒன்று பெண்ணாடம் மில்லுக்குப் போவதற்கு ரோட்டை அடைத்துக்கொண்டு திரும்பியது. வண்டியை ஓரமாக நிறுத்தினேன். இனிமேல் எதையும் கேட்காமல் விடுவதில்லை என்று முருகன் முன்னால் நினைத்திருந்தேன். திரும்பாமலேயே கேட்டேன்.

"தம்பி, அன்னைக்கு நான் தீ வச்சிருந்தா, அப்பவாவது கத்தியிருப்பியா?"

டிராக்டர் முழுசாகத் திரும்பி ரோடு காலியானது. பிறகு சொன்னான்.

"தெரியலண்ணே. யோசிச்சுப் பாத்தேன். நெஜமா தெரியல."

வண்டியைக் கிளப்ப உதைத்தேன். கிக்கரில் கால் வழுக்கியது. ரெண்டாவது தடவையும் வழுக்கியது. அவன் இறங்கி, "நகருண்ணே" என்று வண்டியை வாங்கிக்கொண்டான். என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மெதுவாக ஓட்டினான். வீடு வரைக்கும் நான் அவன் சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.